ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

உழைப்பும் கணக்கும் – தொடர் பகுதி

சென்ற இதழில் கடனட்டை வட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை வருமான வரிப் படிவம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. எமது பக்ரறியின் சாப்பாட்டு அறையில் நடந்த ஒரு கதைதான் அதற்குக் காரணம்.

என்னோடு ஒரே லைனில் பெட்டி அடுக்குகிற தம்பி ஒருவர் இருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். சனி, ஞாயிறுகளில் ஒரு பழைய வானை வைத்துக்கொண்டு, வீடு மாறுகிற ஆட்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கிறார். வான் கடனில் எடுத்தது. ஊரில் தங்கச்சியின் கலியாணத்தை இந்த வானை நம்பித்தான் பேசி வைத்திருக்கிறார்கள். அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"அண்ணை, ஆக்கள் வருகினம், வேலையும் இருக்கு. ஆனா கையில ஒண்டும் மிஞ்சேல்லை. வானை வித்துப்போட்டு பேசாம ஓவர் ரைம் செய்வமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

"விளம்பரத்துக்கு எவ்வளவு போகுது?" என்று கேட்டேன்.

"அது போகுது அண்ணை. விளம்பரம் இல்லாம யாவாரம் செய்யேலுமே?"

எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கிழிந்த பெட்டி மட்டை ஒன்றை எடுத்து, பெட்டிக்கு எண் போடுகிற மார்க்கரால் இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். மூன்று மாதத்தில் விளம்பரச் செலவு 1,980 டொலர். அந்த மூன்று மாதத்தில் கிடைத்த வேலை 18. ஆக, ஒரு வாடிக்கையாளர் அவருக்கு ரெலிபோன் எடுத்து வேலை தருவதற்கு 110 டொலர் செலவாகியிருக்கிறது.

ஒரு வேலைக்கு அவர் வாங்குவது 260 டொலர். பெற்றோல், கூட வருகிற பெடியனுக்குக் கூலி, வான் காப்புறுதியின் பங்கு எல்லாம் 135. மிஞ்சுவது 125. அதில் விளம்பரத்துக்கு 110 போனால் 15 டொலர். ஐந்து மணித்தியாலம் கட்டிலும் அலுமாரியும் சுமந்ததற்கு மணிக்கு 3 டொலர்! ஒன்ராறியோவில் ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஒக்ரோபரில் மணிக்கு 17.60 டொலராக உயர்த்தப்பட்டது. எந்த முதலாளியாவது எங்களுக்கு 3 டொலர் தந்திருந்தால் சும்மா விட்டிருப்போமா? எமக்கு நாமே தந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புதிதாக வந்து, சிறிதாக ஒரு தொழிலைத் தொடங்குகிற எம்மவர்கள் பலரின் நிலை இதுதான். சாமான் வாங்கிய செலவு தெரியும், வாடகை தெரியும். ஆனால் ஒரு ஆளை வாசலுக்குக் கொண்டுவர என்ன செலவாகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் இந்த இதழில் அந்த ஒரு கணக்கை மட்டும் பார்ப்போம்.

கணக்கு இதுதான்

ஒரு குறிப்பிட்ட காலத்தில் புது ஆட்களைப் பிடிக்கச் செலவழித்த காசு முழுவதையும் கூட்டுங்கள். அந்தக் காலத்தில் உண்மையாகவே வந்து காசு தந்த புது ஆட்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். வருவதுதான் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்கும் செலவு. பெரிய கொம்பனிகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. எங்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பிரித்தல் போதும்.

இரண்டு விடயங்களில் கவனமாயிருங்கள். விலை கேட்டவரையும் பார்த்துவிட்டுப் போனவரையும் எண்ணக்கூடாது. காசு தந்தவரை மட்டும் எண்ண வேண்டும். மற்றது, உங்கள் நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். மூன்று மணித்தியாலம் மழையில் நின்று நோட்டீஸ் கொடுத்தால் அது இலவசம் அல்ல.

நான் படித்த பாடம்

மற்றவருக்குப் புத்தி சொல்லுமுன் என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். மனைவி வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறார். தொடங்கிய புதிதில், சீட்டு எடுத்த காசில் 950 டொலரை விளம்பரத்தில் போட்டேன். 2,000 துண்டுப்பிரசுரம் அச்சடித்து, இரண்டு பெடியளைக் கொண்டு ஸ்காபுரோவில் வீடு வீடாகப் போட்டதற்கு 300 டொலர். ஒரு விழா மலரில் அரைப்பக்கத்துக்கு 250 டொலர். வானொலியில் ஒரு மாதம் விளம்பரம் சொல்வதற்கு 400 டொலர்.

துண்டுப்பிரசுரம் போட்ட அடுத்தநாள் காலை, வேலைக்குப் போகும்போது ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்வாசலில், கழிவுக் கடதாசி போடுகிற நீலப் பெட்டியைப் பார்த்தேன். மனைவியின் பெயரும் எங்கள் ரெலிபோன் நம்பரும் அதற்குள் ஒரு கட்டாகக் கிடந்தன. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அது 300 டொலர் என்று உறைத்தது.

பிறகுதான், வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதத் தொடங்கினோம். ஏற்கனவே வந்தவர்களையும் ரெலிபோனில் கேட்டோம். முடிவு இப்படி இருந்தது:

துண்டுப்பிரசுரம்: 4 பேர். ஒருவருக்கு 75 டொலர்.
வானொலி: 8 பேர். ஒருவருக்கு 50 டொலர்.
விழா மலர்: ஒரே ஒருவர். 250 டொலர்.

மொத்தம் 13 பேர். ஒருவருக்கு ஏறக்குறைய 73 டொலர். ஒரு பிளவுஸ் தைத்தால் நூல், உள்துணி, கொளுக்கி போக மிஞ்சுவது 34 டொலர். ஆகவே, அந்த ஆள் மூன்றாவது பிளவுஸ் தைக்க வரும்போதுதான் அவரைக் கொண்டுவந்த செலவே திரும்புகிறது. முதல் பிளவுஸோடு போய்விட்டால் எங்களுக்கு நட்டம்.

கொப்பியில் இன்னொரு விடயமும் தெரிந்தது. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற ஒரு அக்கா சொல்லி 9 பேர் வந்திருந்தார்கள். அவவுக்கு நாங்கள் செய்தது, பாவாடை ஒன்றின் சிப் பழுதானபோது காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்ததுதான். 950 டொலர் 13 பேரைக் கொண்டுவந்தது. ஒரு சிப் 9 பேரைக் கொண்டுவந்தது.

இதைச் சொல்வதால் வானொலியும் மலரும் கூடாது என்று எண்ணவேண்டாம். நகைக்கடைக்கும் கலியாண மண்டபத்துக்கும் அவை சரியாக இருக்கலாம். எங்கள் கோவிலுக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ உதவி செய்ய விரும்பினால் மலரில் விளம்பரம் கொடுங்கள். ஆனால் அதை அன்பளிப்பு என்ற தலைப்பில் எழுதுங்கள். அன்பளிப்பை விளம்பரம் என்று எழுதினால் கணக்கு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் கிளோட் ஹொப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் வழி சொன்னார். 1923 இல் வெளிவந்த "விஞ்ஞான முறை விளம்பரம்" என்ற கருத்துள்ள தலைப்பைக் கொண்ட அவருடைய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் பாவித்த முறை எளிமையானது. பத்திரிகை விளம்பரத்தில் வெட்டி அனுப்புகிற கூப்பன் ஒன்று இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வேறு வேறு அடையாளம் இருக்கும். திரும்பி வந்த கூப்பன்களை எண்ணினால், எந்த விளம்பரம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது, ஒருவருக்கு என்ன செலவு என்பது தெரிந்துவிடும். அதிகம் கொண்டுவந்ததை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவார். பெரிய செலவுக்கு முன் சிறிய இடத்தில் சிறிய காசில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய வாதம்.

நாமும் அதைச் செய்யலாம். பலசரக்குக் கடையில் வைக்கிற அட்டை மஞ்சள், கோவில் பக்கம் கொடுக்கிற அட்டை பச்சை என்று நிறத்தை மாற்றுங்கள். "இந்த அட்டையைக் கொண்டுவந்தால் 5 டொலர் குறைவு" என்று எழுதினால் அட்டை திரும்பி வரும். 2,000 அடிக்க முன்னர் 100 அடித்து ஒரு தெருவில் போட்டுப் பாருங்கள். "விளம்பரம் போடவேண்டாம்" என்று ஒட்டியிருக்கிற தபால் பெட்டியை விட்டுவிடுங்கள். அங்கே போட்டால் காசும் போகும், பெயரும் போகும்.

கூகிளில் காசு கட்டி விளம்பரம் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே பெரும்பாலும், ஒருவர் உங்கள் விளம்பரத்தை அழுத்தியவுடனேயே காசு போய்விடும். அவர் வேலை தந்தாரா இல்லையா என்பது வேறு கதை. தம்பியின் விளம்பரத்தை இருவருமாகத் திறந்து பார்த்தோம். அவர் வான் ஓடுவது ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளில். விளம்பரமோ ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் போய்க்கொண்டிருந்தது. ஒட்டாவாவில் இருக்கிறவர் அழுத்தியதற்கும் இவர்தான் காசு கட்டியிருக்கிறார். சாமான் ஏற்றும் கொம்பனிகளில் வேலை தேடுகிறவர்களும், பழைய வான் வாங்கத் தேடுகிறவர்களும் அழுத்தியிருந்தார்கள். எந்த ஊருக்குக் காட்டவேண்டும் என்று குறிக்க அங்கே இடம் உண்டு. எந்தச் சொற்களைத் தேடுகிறவருக்குக் காட்டக்கூடாது என்று குறிக்கவும் இடம் உண்டு. "வேலை", "விற்பனைக்கு", "இலவசம்" போன்றவற்றின் ஆங்கிலச் சொற்களை அங்கே போட்டுவிட வேண்டும்.

கூகிள் வரைபடத்தில் உங்கள் தொழிலைப் பதிய ஒரு சதமும் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். வேலை முடிந்து சந்தோசமாக நிற்கிறவரிடம் "இரண்டு வரி எழுதிவிடுங்கோ" என்று கேளுங்கள். ஆனால் காசோ பரிசோ கொடுத்து நல்ல கருத்து எழுதுவிப்பதை கூகிள் தடைசெய்திருக்கிறது. அதற்குப் போகாதீர்கள்.

வந்த அழைப்பைத் தவறவிடுதல்

இதற்கு விளம்பரச் செலவு எதுவும் இல்லை, ஆனால் நட்டம் பெரிது. வானொலியில் விளம்பரம் போன மாதம் நான் இரவு வேலை, மனைவி பிள்ளையோடு. ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. பாதியைத்தான் எடுத்தோம். ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் இறைத்த கதை. விளம்பரத்தைக் கூட்டுமுன் ஓட்டையை அடைக்க வேண்டும்.

இப்போது எங்கள் ரெலிபோனில் தமிழில் ஒரு பதிவு இருக்கிறது. பிளவுஸ் என்ன விலையிலிருந்து, எத்தனை நாளில் கிடைக்கும், எந்த நேரம் வரலாம் என்பதைச் சொல்லி, பெயரையும் நம்பரையும் விடச் சொல்கிறது. அன்றிரவே திருப்பி எடுத்துவிடுவோம். அதே காசுக்கு வந்த அழைப்பில் கூடுதலான பேர் வாடிக்கையாளர் ஆனால், ஒருவருக்கான செலவு தானாகக் குறைகிறது.

எங்கே, எப்போது?

எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்பதுதான் எங்கள் முதல் பிழை. பிளவுஸ் தைக்கவேண்டும் என்ற எண்ணம் ஒரு பெண்ணுக்கு எப்போது வருகிறது? சாறிக் கடையில் சாறியைக் கையில் எடுத்த அந்த நிமிடத்தில். அதனால் ஒரு சாறிக் கடை அண்ணையோடு பேசி, அவருடைய மேசையில் எங்கள் அட்டையை வைத்தோம். மாதவாடகை இல்லை. அங்கிருந்து ஒருவர் வந்து தைத்தால் மட்டும் அவருக்கு 5 டொலர். ஆள் வராவிட்டால் எங்களுக்குச் செலவும் இல்லை. பார்ப்பதற்குக் காசு கட்டாமல், வருவதற்குக் காசு கட்டுகிற ஒழுங்கு கிடைத்தால் புதுத் தொழிலுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

காலமும் அப்படித்தான். மார்கழியிலும் ஆடியிலும் கலியாணம் வைப்பது குறைவு. ஆவணியில் கலியாணமும் சாமத்திய வீடும் வரிசையாக வரும். அதற்குப் பிளவுஸ் தைக்கிறவர்கள் ஆனி, ஆடியிலேயே ஓடித்திரிவார்கள். ஆகவே எங்கள் அட்டை வைகாசியில் வெளியே நிற்கவேண்டும். தம்பியின் தொழிலில் மாதக் கடைசிதான் காலம், ஏனென்றால் வாடகை வீடு பெரும்பாலும் முதலாம் திகதிதான் மாறும்.

சொல்லி வருகிறவர்

மேல்மாடி அக்காவைப் போல ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதை நம்பி ஒரு பெரிய கொம்பனியே வளர்ந்தது. ட்ரொப்பொக்ஸ் என்பது கணினியிலுள்ள கோப்புகளை இணையத்தில் பாதுகாத்து வைக்கும் அமெரிக்கச் சேவை. 2008 இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வருடக் கட்டணம் 99 டொலர். கூகிளில் விளம்பரம் போட்டபோது, காசு கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டொலர் வரை போனது என்று அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்ரன் 2010 இல் வெளிப்படையாகவே சொன்னார். 99 டொலர் வருமானத்துக்கு 233 டொலர் செலவு! தம்பியின் கதையின் பெரிய வடிவம்.

அவர்கள் பாதையை மாற்றினார்கள். பாவிக்கிற ஒருவர் நண்பரைச் சேர்த்தால், அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கோப்பு வைக்க மேலதிக இடம் இலவசம் என்றார்கள். 2008 செப்ரெம்பரில் 100,000 ஆக இருந்த பாவனையாளர்கள் 2010 ஜனவரியில் 4,000,000 ஆனார்கள். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு ஆளை ஆள் அழைத்ததால் வந்தது.

இதில் நாம் எடுக்கவேண்டிய புத்தி இரண்டு. ஒன்று, பரிசு இருவருக்கும் கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் கிடைத்தால், "என்னை வைத்து உழைக்கிறார்" என்று மற்றவர் நினைப்பார். இரண்டு, அவர்கள் காசைக் கொடுக்கவில்லை. தங்களுக்கு மலிவாக முடிவதும் வாங்குகிறவருக்குப் பயன்படுவதுமான ஒன்றைக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்படிச் செய்தோம். தைத்த பிளவுஸோடு ஒரு அட்டை கொடுப்போம். அதைக் கொண்டு புதிதாக வருகிறவருக்கு சாறி ஓரம் இலவசமாக அடித்துக் கொடுப்போம். அனுப்பியவருக்கு ஒரு சிறிய திருத்தவேலை இலவசம். ஒவ்வொன்றும் அரை மணித்தியால வேலை. மணிக்கு 17.60 என்று போட்டால் 8.80 டொலர். நூலும் அட்டையும் சேர்த்து 10 டொலர். இருவருக்கும் 20 டொலர். 73 டொலரில் வந்த ஆள் இப்போது 20 டொலரில் வருகிறார். முதலாவது பிளவுஸிலேயே அந்தச் செலவு திரும்பிவிடுகிறது. ஒரு வாசகர் "உங்கட நேரம்தானே, ஏன் காசாக எழுதுகிறீர்கள்?" என்று கேட்கலாம். எழுதாவிட்டால் மணிக்கு 3 டொலருக்கு வேலை செய்வது தெரியவராது. அதற்காகத்தான்.

உறவை விற்கவேண்டாம்

ஆளை ஆள் அழைப்பது நல்ல வழிதான், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு குழியும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஏர்ல் ரப்பர் என்பவர் செய்த டப்பர்வெயார் பிளாஸ்ரிக் பெட்டிகள் 1946 இல் சந்தைக்கு வந்தபோது கடைகளில் சரியாகப் போகவில்லை. மூடியைக் காற்றுப்புகாமல் மூடும் விதத்தை யாராவது செய்து காட்டினால்தான் விளங்கும். பிறவுனி வைஸ் என்ற பெண், வீட்டுக்கு அயல் பெண்களை அழைத்து, தேநீர் கொடுத்து, பெட்டியைச் செய்து காட்டி விற்றார். பிள்ளையைத் தனியே வளர்த்த தாய் அவர். 1951 இல் கொம்பனி அவரைத் தலைமைப் பதவியில் அமர்த்தி, கடைகளில் விற்பதை விட்டு வீட்டுக் கூட்டங்களையே நம்பியது. 1954 இல் பிஸ்னஸ் வீக் சஞ்சிகையின் அட்டையில் வந்த முதற் பெண் அவர்தான். விளம்பரத்துக்குப் போகவேண்டிய காசு விற்கிற பெண்களின் கைக்குப் போனது. அவரையே 1958 இல் கொம்பனி வேலையால் நிறுத்திவிட்டது என்பதையும், அந்தக் கொம்பனி 2024 செப்ரெம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் மலிவாக ஆள் சேர்த்த வழி எக்காலத்துக்கும் நிற்காது. கொப்பியை மூடிவைக்க முடியாது.

ஆனால் அங்கே ஒரு பெட்டி இருந்தது. வாங்கியவர் அதில் சாப்பாடு வைத்தார். நான் இங்கு வந்த முதல் வருடம், மைத்துனர் முறையான ஒருவர் "ரீ குடிக்க வாங்கோ" என்று அழைத்துப்போன கூட்டத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. 500 டொலர் கட்டிச் சேரவேண்டும், பிறகு ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும், அவர்கள் ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும். நானும் கட்டினேன். இரண்டு குடும்பங்களை அழைத்தும் போனேன். காசு மூன்று மாதத்தில் போயிற்று. அந்த இரண்டு வீட்டாரும் இன்றும் என் ரெலிபோனை எடுப்பதில்லை. அந்தச் செலவை எந்தக் கொப்பியில் எழுதுவது?

ஆகவே ஒரு கேள்வி கேளுங்கள்: காசு எங்கேயிருந்து வருகிறது? வெளியாள் ஒருவர் தனக்குத் தேவையான பொருளை வாங்குவதால் வந்தால் அது வியாபாரம். புதிதாகச் சேருகிறவரின் கட்டணத்திலிருந்து வந்தால் அது பிரமிட் திட்டம். கனடாவில் போட்டிச் சட்டத்தின் 55.1 ஆம் பிரிவின்படி அது குற்றம். எங்களைப் போல, வந்த புதிதில் சொந்தக்காரரைத் தவிர வேறு ஆளைத் தெரியாதவர்களைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடி வருவார்கள்.

உறவினரிடம் விற்கவே கூடாதா? விற்கலாம். அவர் "வேண்டாம்" என்று சொன்னபிறகும் அடுத்த கிழமை அவர் வீட்டில் சோறு சாப்பிடக்கூடிய விதமாக விற்கவேண்டும்.

வந்தவரை வைத்திருங்கள்

ஒருமுறை வந்தவரைத் திரும்ப அழைக்க விளம்பரம் தேவையில்லை. எங்கள் கொப்பியில் ஒவ்வொருவரின் அளவும், கடைசியாக எப்போது தைத்தார் என்பதும் இருக்கின்றன. அளவு இருப்பதால் "சாறியை மட்டும் அனுப்புங்கோ" என்று சொல்லமுடிகிறது. தைப்பொங்கலுக்கும் ஆவணிக்கும் முன்னர் ஒரு சின்னச் செய்தி அனுப்புவோம்.

இங்கே சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 2014 யூலை 1 முதல் கனடாவில் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, சம்மதம் இல்லாமல் விற்பனைச் செய்தியை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்ப முடியாது. உங்களிடம் வாங்கியவருக்கு 2 வருடம் வரையும், விலை விசாரித்தவருக்கு 6 மாதம் வரையும் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் அனுப்ப அவர் நேரடியாகச் சம்மதம் தரவேண்டும். செய்தியில் உங்கள் பெயரும் தொடர்பும், "இனி வேண்டாம்" என்று சொல்ல வழியும் இருக்கவேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவிலும் கோவில் குழுவிலும் இருக்கிற நம்பர்களை அள்ளி எல்லோருக்கும் அனுப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிளவுஸ் எடுக்க வரும்போது "அடுத்தமுறை செய்தி அனுப்பட்டோ அக்கா?" என்று கேட்டு, கொப்பியில் திகதியோடு எழுதினால் போதும். விளம்பரச் செலவின் பற்றுச்சீட்டையும் அதே கொப்பியில் ஒட்டுங்கள். வரிக் கணக்கில் தொழிலின் செலவாகக் காட்டலாம். அதைப் பற்றி அடுத்த இதழில்.

தம்பியின் வான்

தம்பிக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பிளவுஸ் தைக்கிறவர் திரும்ப வருவார். வீடு மாறியவர் உடனே திரும்ப மாறமாட்டார். ஆகவே அவருடைய தொழிலில், ஒரு ஆளைப் பிடிக்கும் செலவை அந்த ஒரு வேலையிலேயே எடுக்கவேண்டும். அவருக்குத் திரும்ப வருகிற ஆட்கள் வேறு: மாடிக் கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள், வீடு வாங்கி விற்கும் முகவர்கள், பழைய தளபாடம் விற்கும் கடைக்காரர். யார் வீடு மாறுகிறார் என்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களில் நான்கு பேரிடம் நேரில் போய்த் தன் அட்டையைக் கொடுத்தார். ஒருவருடைய அலுமாரியைக் காசு வாங்காமல் ஏற்றிக் கொடுத்தார். கூகிள் விளம்பரத்தை மூன்று ஊருக்கு மட்டும் சுருக்கி, மாதக் கடைசிக்கு முந்திய நாட்களில் மட்டும் விட்டார். சாமான் இறக்கி முடிந்ததும், "தெரிந்தவர் யாரும் மாறினால் சொல்லுங்கோ, உங்களுக்கு 10 டொலர், அவருக்கு 10 டொலர் குறைவு" என்று அட்டை கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அதே சாப்பாட்டு அறையில் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். விளம்பரம் 300 டொலர். வேலை 12. அதில் 7 பேர் சொல்லி வந்தவர்கள். அவர்களுக்காகக் கொடுத்தது 140. மொத்தம் 440. ஒருவருக்கு ஏறக்குறைய 37 டொலர். 125 இல் 37 போக 88. ஐந்து மணித்தியாலத்தால் பிரித்தோம். மணிக்கு 17.60.

வேலையின் எண்ணிக்கை கூடவில்லை, மாதத்துக்கு ஆறுதான், முன்னரும் ஆறுதான். ஆனால் முன்பு ஆறு வேலைக்கும் சேர்த்து மிஞ்சியது 90 டொலர். இப்போது 500 டொலருக்கு மேல். இன்னும் பெரிய காசு இல்லை. வான் கடன் இருக்கிறது, கலியாணமும் இருக்கிறது.

"அண்ணை, இப்பதான் நான் எனக்கு ஆகக்குறைஞ்ச சம்பளம் குடுக்கத் தொடங்கியிருக்கிறன்" என்று சிரித்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

வாசகர்களே, இந்த மாதம் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் ஒரு பழைய கொப்பியை எடுத்து நான்கு கோடு போடுங்கள்: திகதி, பெயர், எப்படி வந்தார், எவ்வளவு தந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். மாதக் கடைசியில் பிரித்துப் பாருங்கள். இரவு வேலை செய்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு இது. ஆற்றிலே போடத்தான் வேண்டுமென்றால், அளந்தாவது போடுவோம்.

அடுத்த இதழில் வரிப் படிவத்தோடு சந்திப்போம்.